ரப்பர் புஷ் சுழலாது: பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பின்பக்கப் புஷ் மாற்றும் வேலை

தஞ்சாவூரிலிருந்து அய்யம்பேட்டை, பாபநாசம் வழியாகக் கும்பகோணம் போகும் பழைய சாலையில், 70 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வளைவு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டியின் பின்பக்கம் தானாக ஒரு பக்கம் நகர்கிறது. ஸ்டியரிங்கை யாரும் அசைக்கவில்லை. மறுபடி மிதித்தால் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. டயர் கடையில் கேட்டால் அலைன்மென்ட் என்பார்கள். ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் ஷாக் அப்சார்பர் என்பார்கள். இரண்டையும் செய்து காசு கரைந்த பிறகும் அந்த நகர்வு போகாது. பின்சக்கரம் ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் பிடித்துவைத்திருக்கும் கைப்பிடி அளவு ரப்பர் புஷ் ஒன்று உண்டு. அது கிழிந்திருக்கிறது.

இந்தக் கட்டுரை பிஎம்டபிள்யூவின் இ46 வகை 3 வரிசைக் கார்களில், பின்சக்கரத்தை முன்பின்னாகப் பாடியோடு பிடித்திருக்கும் நீளக் கையான ட்ரெயிலிங் ஆர்மின் புஷ்ஷைப் பற்றியது. அதே பின்பக்க அமைப்பைத்தான் முதல் தலைமுறை இஸட்4 ரோட்ஸ்டரும் (இ85) வாங்கிக்கொண்டது. அதற்கு முந்தைய இ36 காருக்கும் வேலை ஏறக்குறைய இதுவே. ஆனால் இஸட்3, இ36 காம்பாக்ட் இரண்டுக்கும் பொருந்தாது. அவற்றின் பின்பக்கம் இன்னும் பழைய இ30-ன் செமி ட்ரெயிலிங் ஆர்ம் அமைப்பு. புஷ் வேறு, வேலையும் வேறு. உதிரிபாகம் ஆர்டர் செய்யும் முன் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துச் சரிபார்ப்பது நல்லது. செங்கல்பட்டு பக்கம் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பிஎம்டபிள்யூ ஆலை தொடங்கியது 2007-ல். அங்கே இ46 தயாரானதே இல்லை. அதனால் ‘இந்தியாவில் அசெம்பிள் ஆன வண்டிதானே, பார்ட்ஸ் கிடைக்கும்’ என்று டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு நம்பக் கூடாது. சென்னையிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ பாகம் கைக்கு வந்து சேர்ந்த பிறகு வண்டியைத் தூக்குங்கள்.

முதலில் இந்தப் புஷ் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். செய்கிற தவறுகளில் முக்கால்வாசி இது தெரியாததால் வருகிறது.

வெளியே ஒரு உலோக வளையம், உள்ளே ஒரு உலோகக் குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டிவார்த்த ரப்பர். வெளி வளையம் ட்ரெயிலிங் ஆர்மின் துளைக்குள் இறுக்கமாக உட்காருகிறது. உள் குழாயை ஒரு பிராக்கெட்டின் இரண்டு காதுகளுக்கு நடுவே வைத்துக் குறுக்குப் போல்ட் நசுக்கிப் பிடிக்கிறது. அந்தப் பிராக்கெட் மூன்று போல்ட்டால் வண்டியின் பாடியில் அமர்கிறது. ஆக, உள் குழாய் பாடியோடு பூட்டப்பட்டது. வெளி வளையம் ஆர்மோடு பூட்டப்பட்டது. சக்கரம் ஏறி இறங்கும்போது எதுவும் எதன் மேலும் வழுக்கிச் சுழல்வதில்லை. பிழிகிற ஈரத் துணி மாதிரி, நடுவில் இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு மறுபடி நேராகிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

கதவுக் கீலைப் பார்க்கிற கண்ணோடு இதைப் பார்ப்பவர்கள் சத்தம் வந்தால் எண்ணெய் விடுவார்கள், கிரீஸ் வைப்பார்கள். வழுக்கும் பரப்பே இல்லாத இடத்தில் எண்ணெய்க்கு வேலை இல்லை. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இந்த ரப்பர் ஊதிப்போய் மெத்தென்று ஆகிவிடும். முறுக்குகிற பொருளுக்கு ‘முறுக்கே இல்லாத நிலை’ என்று ஒன்று இருக்கிறது. குறுக்குப் போல்ட்டை எந்தக் கோணத்தில் இறுக்குகிறோமோ, அதுவே அந்த நிலை. இதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

புஷ்ஷின் ரப்பர் முழுக்கக் கெட்டியாக இருக்காது. வேண்டுமென்றே சில இடங்களில் வெற்றிடம் விட்டிருப்பார்கள். அதனால் ஒரு திசையில் மெதுவாகவும் இன்னொரு திசையில் கடினமாகவும் நடந்துகொள்ளும். ட்ரெயிலிங் ஆர்மைப் பக்கவாட்டில் பிடித்திருப்பவை மேலும் கீழும் உள்ள இரண்டு குறுக்குக் கைகள். சக்கரம் ஏறும்போது அந்த இரண்டும் தத்தம் வட்டப் பாதையில் நகர்ந்து ஆர்மைக் கொஞ்சம் சாய்க்கும், கொஞ்சம் திருப்பும். அந்தச் சாய்வையும் திருப்பத்தையும் விழுங்க வேண்டியது முன்முனையில் இருக்கும் இந்த ஒற்றைப் புஷ். அதனால்தான் இதைக் கல் மாதிரி கெட்டியாகச் செய்யவில்லை.

காவிரிப் படுகையின் சாலைகள் இந்தப் புஷ்ஷுக்கு ஒத்துவராதவை. வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி கரைச் சாலைகளில் ஒவ்வொரு மதகின் இரு பக்கமும் மண் இறங்கி, பாலத் தளத்துக்கும் சாலைக்கும் நடுவே ஒரு படி விழுந்திருக்கும். சக்கரம் அந்தப் படியில் மோதும்போது வரும் அடி பின்னோக்கி வருகிறது. அதை வாங்குவது ஷாக் அல்ல, இந்தப் புஷ். ஊருக்கு ஊர் வேகத்தடை. அதில் மெதுவாக ஏறி இறங்கினால் அடி குறைவுதான், ஆனால் சஸ்பென்ஷன் முழு நீளத்துக்கும் தொங்கி முழு முறுக்கு விழும். மேலே சித்திரை வெயில், கீழே கொதிக்கும் தார். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் ஓடும் வண்டிக்கு உப்புக் காற்றும் சேரும். அது ரப்பரைவிட இரும்பைத்தான் முதலில் தாக்கும்: வெளி வளையத்துக்கும் ஆர்மின் துளைக்கும் நடுவே துரு இறங்கி, கழற்றும் நாளில் பழி வாங்கும். ஓடிய கிலோமீட்டர் குறைவு என்று ஓடோமீட்டரைக் காட்டி யாராவது சமாதானம் சொன்னால் கேட்க வேண்டாம். 20 வருட ரப்பர், ஷெட்டில் நின்றிருந்தாலும் 20 வருட ரப்பர்தான்.

சோதிக்கும் விதம். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்து ‘கிழிந்திருக்கிறது’ என்று தீர்ப்பு சொல்பவர்கள் பலர். தொங்கும் நிலையில் ரப்பர் ஏற்கெனவே முறுக்கி நிற்கிறது. மேல் தோலில் இருக்கும் சின்ன வெடிப்பும் வாய் பிளந்து தெரியும், வெற்றிடத்தைக் கிழிசல் என்று நினைக்கவும் தோன்றும். சக்கரம் தரையில் நிற்க, பிட்டுக்குள் இறங்கிப் பார்ப்பதே சரி. பிராக்கெட்டுக்கும் ஆர்முக்கும் நடுவே ஒரு லீவரைக் கொடுத்துப் பக்கவாட்டிலும் முன்பின்னும் நெம்புங்கள். நல்ல புஷ் கொஞ்சம் கொடுக்கும், விட்டதும் திரும்பும். கெட்டது ‘டக்’கென்று போய் அங்கேயே நிற்கும், அல்லது உள் குழாய் தனியாக ஆடும். இன்னொரு வழி: ஒருவர் பிரேக்கை இலேசாக மிதித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஒரு அடி அளவு அசைக்கட்டும். இன்னொருவர் பக்கவாட்டில் தள்ளி நின்று, பின்சக்கரம் மட்கார்டு வளைவுக்குள் முன்பின்னாக நகர்கிறதா என்று பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரியும் அளவு நகர்ந்தால் வேறு சாட்சி தேவையில்லை. டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருப்பதும் இதன் கைரேகைதான், ஆனால் அதற்கு வேறு காரணங்களும் உண்டு.

புஷ் வாங்கும் இடத்தில் கருத்து வேறுபாடு நிறைய. என் தீர்ப்பு, சாலையில் ஓட்டும் வண்டிக்கு ரப்பர்தான். லெம்ஃபோர்டர் போல, கார் கம்பெனிக்கே கொடுத்த தயாரிப்பாளரின் பெட்டியாக இருந்தால் நிம்மதி. பெட்டியிலோ புஷ்ஷிலோ தயாரிப்புத் தேதி இருந்தால் பாருங்கள். பல வருடம் அலமாரியில் கிடந்த ரப்பரைப் புதிது என்று விற்பதும் நடக்கிறது. பாலியூரித்தேன் புஷ் விற்பவர்கள் ‘வாழ்நாள் முழுக்க வரும்’ என்பார்கள். முழுக் கெட்டியான பாலி வகை, முன்னே சொன்ன சாய்வையும் திருப்பத்தையும் விழுங்காது. ஆர்ம் பிணங்கும், அந்தப் பிணக்கு பிராக்கெட்டுக்கும் பாடிக்கும் போகும். பிறகு கீச்சுச் சத்தம், அதற்கு கிரீஸ், அந்தக் கிரீஸில் ஒட்டும் ஆற்று மணல், மறுபடி சத்தம். பாலி புஷ் போட்டால் இறுக்கும் கோணத்தைப் பற்றிக் கவலை இல்லை, ஏனென்றால் அது உண்மையிலேயே சுழல்கிறது. சில ஒர்க்‌ஷாப்புகள் அதைச் சிபாரிசு செய்ய இந்த ஒரு சௌகரியமே போதும் என்பது என் சந்தேகம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. ரப்பர் புஷ்ஷையே போட்டு, அதன் இரு பக்கமும் லிமிட்டர் எனப்படும் மெல்லிய வட்டத் தகடுகளைச் செருகுவது. பக்கவாட்டு ஆட்டம் குறையும், முறுக்கு அப்படியே இருக்கும். வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு இது நல்ல தேர்வு. செருகும்போது அடித்து இறக்க வேண்டிய அளவு இறுக்கமாக இருந்தால், புஷ் துளையின் நடுவில் உட்காரவில்லை என்று பொருள். தகட்டைத் தேய்க்காதீர்கள், புஷ்ஷைச் சரிசெய்யுங்கள்.

உள்ளூரில் இன்னொரு ஆசையும் காட்டுவார்கள். டிராக்டருக்கும் கதிர் அறுக்கும் மெஷினுக்கும் நைலானில் புஷ் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைகள் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் நன்றாகவே வேலை செய்கின்றன. சுழலும் பின்னுக்கு அந்த நைலான் பொருந்தும். இங்கே பொருந்தாது. பழைய வளையத்துக்குள் புது ரப்பர் வார்த்துத் தருகிறேன் என்பவரிடமும் வெற்றிடங்கள் எங்கே, எந்தக் கடினத்தன்மை என்ற கணக்கு இருக்காது. இந்தப் பட்டறைகளை வேறொன்றுக்குப் பயன்படுத்துங்கள்: புஷ்ஷை இழுத்து எடுக்கவும் ஏற்றவும் உதவும் புல்லர் செய்ய.

அதற்குப் புதிய புஷ்ஷைக் கையோடு கொண்டுபோக வேண்டும். வெர்னியரில் வெளி விட்டத்தை அளந்து, அதைவிட 2 அல்லது 3 மி.மீ. பெரிய உள்விட்டத்தில், புஷ்ஷின் நீளத்தைவிட ஆழமான ஒரு கிண்ணம். பழைய புஷ் வெளியே வந்து இதற்குள் விழும். கிண்ணத்தின் சுவர் 6 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். அடுத்து ஒரு தள்ளு தட்டு: புஷ்ஷின் வெளி விட்டத்தைவிட அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை சிறியதாக, ஆனால் நடுவில் குழித்தெடுத்து, வெளி வளையத்தின் விளிம்பில் மட்டும் உட்காரும்படி. நடுக்குழாயில் அழுத்தம் பட்டால் புது ரப்பர் உள்ளே போகும் முன்பே கிழிந்துவிடும். இதைப் பட்டறையில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டும்: “அண்ணே, நடுவுல படக் கூடாது, சுத்தி இருக்குற வளையத்துல மட்டும் உக்காரணும்.” இழுப்பதற்கு ஒரு அடி நீள எம்14 ஹை டென்சில் ஸ்டட், நீள நட்டு இரண்டு, தடித்த வாஷர்கள், முடிந்தால் ஒரு சின்னத் திரஸ்ட் பேரிங். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரணத் திரெட் ராடு வேண்டாம். மிதமான இறுக்கத்திலேயே அதன் மரை உருகி ஒட்டிக்கொள்ளும். திருச்சி போல்ட் கடைகளில் 8.8 அல்லது 10.9 என்று முத்திரை இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். ஸ்டட் மரையில் கிரீஸ் தாராளமாக. இங்கே கிரீஸ் தப்பில்லை.

மற்றவை: ஜாக்கி, ஸ்டாண்டு இரண்டு, 17 மற்றும் 18 பாக்ஸ் ஸ்பேனர்கள், நீளக் கைப்பிடி, டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்), வெர்னியர், எண் காட்டும் கோணமானி, 400 நம்பர் உப்புத்தாள், வெள்ளை பெயின்ட் மார்க்கர், கூர்மையான குத்தூசி. குறுக்குப் போல்ட்டின் லாக் நட்டைப் புதிதாக வாங்கிவிடுவது உத்தமம். லாக் நட்டு ஒரு முறைக்குத்தான்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. டெல்டா மண்ணில் ஜாக்கி ஸ்டாண்டு நிற்கும் என்று நம்பாதீர்கள். களிமண் தரை காலையில் கல்லாக இருக்கும், முந்தைய நாள் மழை பெய்திருந்தால் ஒரு பக்கம் அமுங்கும். கான்கிரீட் தளம் இல்லையென்றால் ஸ்டாண்டுக்குக் கீழே இரண்டங்குலத் தேக்குப் பலகையோ இரும்புத் தகடோ கட்டாயம். ஐப்பசி, கார்த்திகையில் பல பிட்டுகளில் தண்ணீர் ஊறி நிற்கும். அந்த மாதங்களில் இந்த வேலையைத் தள்ளிப்போடுவதில் நட்டமில்லை.

வேலைக்கு முந்தைய நாள் வண்டியின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள். சேறு அப்பியிருந்தால் அடையாளம் போட முடியாது. மூன்று பிராக்கெட் போல்ட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள்.

மறுநாள் எதையும் கழற்றும் முன் செய்ய வேண்டிய அளவு ஒன்று உண்டு. இதைத் தவறவிட்டால் பின்னால் ஊகம்தான் மிஞ்சும். சமதளத்தில், சக்கரங்கள் தரையில் நிற்க, வண்டியை மேலும் கீழும் சில முறை அழுத்தி விடுங்கள். சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை உயரத்தை இரு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பிட்டிலிருந்து, ஆர்மின் மேல் தட்டையான ஓரிடத்திலும் பிராக்கெட்டின் தட்டையான முகத்திலும் கோணமானியை வைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறியுங்கள். கோணமானி வைத்த இடங்களைப் பெயின்ட்டால் காட்டி வையுங்கள். கோணமானி இல்லையென்றால் தடித்த அட்டையை ஆர்மின் விளிம்புக்கும் பிராக்கெட்டுக்கும் ஒட்டினாற்போல் வெட்டி, பக்கத்துக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். பழைய புஷ் கிழிந்திருந்தால் இந்த அளவு தப்பாகாதா என்று கேட்கலாம். ஆகாது. பிராக்கெட் பாடியில் இருக்கிறது, ஆர்மின் உயரத்தை ஸ்பிரிங் முடிவு செய்கிறது. கோணத்தில் புஷ்ஷின் பங்கு மிகக் குறைவு. ஸ்பிரிங் தளர்ந்து பின்பக்கம் இறங்கியிருந்தால் மட்டும் அளவு பொய் சொல்லும். அப்படியானால் ஸ்பிரிங்கை முதலில் மாற்றிவிட்டு அளந்து, பிறகு இந்த வேலைக்கு வாருங்கள்.

ஏன் இத்தனை பாடு? இ46-ல் பிராக்கெட்டைப் பாடியில் மாட்டிய பிறகு குறுக்குப் போல்ட்டுக்குக் கை போகாது, பாடி மறைக்கும். வேறு பல கார்களில் எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, கடைசியில் இறுக்கலாம். இங்கே பிராக்கெட் வெளியே இருக்கும்போதே, சரியான கோணத்தில் வைத்து இறுக்கிவிட வேண்டும். தொங்கும் ஆர்மில் மனம்போன கோணத்தில் இறுக்கினால், வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் நிரந்தரமாக ஒரு பக்கம் முறுக்கி நிற்கும். மேட்டில் ஏறும்போது அந்த முறுக்கு இன்னும் கூடும். புதுப் புஷ் சீக்கிரமே பழைய புஷ்ஷின் கதிக்கு வரும். ‘ஒரிஜினல் பார்ட்டும் இப்போ தரமில்ல சார்’ என்ற புலம்பல்களில் பல இப்படிப் பிறந்தவை.

இனிக் கழற்றலாம். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. பின்சக்கரப் போல்ட்டுகளைத் தரையிலேயே இளக்கிவிட்டு, பாடியின் ஜாக்கி இடத்தில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். அடியில் பிளாஸ்டிக் மூடி இருந்தால் கழற்றுங்கள். பிராக்கெட் பாடியில் உட்காரும் விளிம்பைச் சுற்றிக் குத்தூசியால் கோடு கீறுங்கள். சாக்பீஸ் போதாது, எண்ணெய்க் கை பட்டால் அழிந்துவிடும். இந்தக் கோடுதான் டோ அளவை (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) வீடு திரும்பச் சேர்க்கும்: பின்சக்கரத்தின் டோ இந்தப் பிராக்கெட்டின் இருப்பிடத்தால்தான் அமைகிறது. ஆர்மின் நீளம் அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், பிராக்கெட் பக்கவாட்டில் 1 மி.மீ. நகர்வது சக்கரத்தை 7 நிமிடக் கோணம் திருப்புவதற்குச் சமம். டயர் தின்னப் போதுமான அளவு அது.

பிரேக் குழாயின் தாங்கி, ஏபிஎஸ் வயர் கிளிப், ஹேண்ட்பிரேக் கேபிளின் பிடிப்பு இவற்றை விடுவியுங்கள். ஆர்ம் கீழே வரும்போது பிரேக் ஹோஸ் இழுபட்டால் அதைவிடப் பெரிய வேலை வந்து சேரும். செனான் விளக்கு வண்டியாக இருந்தால் உயரம் காட்டும் சென்சாரின் லிங்க் ஒரு பக்கம் இருக்கும், அதையும் பிரித்துவிடுங்கள். மறந்தால் பிளாஸ்டிக் முறியும். சக்கர ஹப்புக்குக் கீழே ஜாக்கியை முட்டுக் கொடுத்துவிட்டு ஷாக்கின் அடிப் போல்ட்டை எடுங்கள். ஜாக்கி இல்லாமல் எடுத்தால் ஆர்ம் திடீரென்று இறங்கி, ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவும்.

இப்போது மூன்று பிராக்கெட் போல்ட். கைப்பிடியை மெதுவாக இழுத்து இளக்குங்கள். ‘கிரீச்’ என்று இறுகினால் பாதித் திருப்பு முன்னால், பாதி பின்னால் என்று எண்ணெய் விட்டு விளையாடுங்கள். இவை ஏறும் மரை பாடிக்குள் இருக்கிறது. அது உருகினால் வேலை வெல்டிங் வரை போகும். இம்பாக்ட் கன் வேண்டாம் என்பது இந்த மூன்று போல்ட்டுக்காகத்தான்.

போல்ட் வந்ததும் ஆர்மின் முன்முனையைக் கீழே அமுக்கி, பாடிக்கும் ஆர்முக்கும் நடுவே ஒரு கட்டையைச் செருகினால் வேலை செய்ய இடம் கிடைக்கும். குறுக்குப் போல்ட்டைக் கழற்றிப் பிராக்கெட்டை எடுங்கள். இடது வலது மாறாமல் அடையாளம் போடுங்கள். பழைய புஷ்ஷின் வெற்றிடங்கள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்பதை ஆர்மின் உலோகத்தில் கோடாகக் குறியுங்கள். புதியது அதே திசையில் போக வேண்டும். திசை மாறினால் மெதுவாக இருக்க வேண்டிய பக்கம் கடினமாகவும், கடினமாக இருக்க வேண்டிய பக்கம் மெதுவாகவும் மாறிப்போகும். பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும், ஓட்டினால்தான் தெரியும்.

புல்லரை மாட்டி இழுங்கள். முதல் அசைவு ‘டங்’ என்று பெரிய சத்தத்தோடு வரும், பயப்பட வேண்டாம். அப்படியும் வரவில்லை என்றால், கடற்கரை வண்டியாக இருந்தால் வராமலும் போகலாம், ரப்பரைத் துளைபோட்டு நடுக்குழாயை எடுத்துவிட்டு, ஹாக்சா பிளேடைத் துளைக்குள் விட்டு வெளி வளையத்தை நீளவாட்டில் அறுங்கள். வளையத்தின் தடிமன் முடியும் முன் நிறுத்தி, உளியால் உள்ளே மடக்குங்கள். ஆர்மின் துளையில் கீறல் விழுந்தால் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கி மறுபடி துரு. கேஸ் டார்ச்சால் ரப்பரை எரிப்பதைப் பல இடங்களில் செய்கிறார்கள். பக்கத்தில் பெட்ரோல் டேங்கும் பிரேக் குழாயும் இருக்கும் இடத்தில் நெருப்பு வைப்பதைத் திறமை என்று சொல்ல முடியாது.

துளையை உப்புத்தாளால் இலேசாகத் துடைத்து, துணியால் பளிச்சென்று சுத்தம் செய்யுங்கள். புதிய புஷ்ஷை ராத்திரி வீட்டு ஃப்ரீசரில் வைத்திருந்தால் கொஞ்சம் உதவும். 60 மி.மீ. விட்டமுள்ள எஃகு வளையம் 50 டிகிரி குளிர்ந்தால் மில்லிமீட்டரில் நூறில் நான்கு பங்குக்குக் குறைவாகச் சுருங்கும். சின்னக் கணக்குதான், ஆனால் இறுக்கப் பொருத்தத்தில் அது புரியும். நம் ஊர் ஈரக் காற்றில் வெளியே எடுத்த நிமிடமே அதன் மேல் வேர்க்கும். துடைத்துவிட்டு வேகமாக வேலை செய்யுங்கள். உள்ளே நுழைய சோப்புத் தண்ணீர் போதும். தேங்காய் எண்ணெய், இன்ஜின் ஆயில், கிரீஸ் எதுவும் வேண்டாம். சோப்புத் தண்ணீர் காய்ந்துவிடும், எண்ணெய் தங்கிவிடும். முதல் இரண்டு மில்லிமீட்டர் நேராகப் போகிறதா என்று நான்கு பக்கமும் பார்த்து, கோணலாக இருந்தால் உடனே வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். கோணலாகவே இழுத்தால் வளையம் நேராகாது, துளைதான் நசுங்கும். இரு பக்கமும் புஷ் ஒரே அளவு வெளியே தெரியும் வரை இழுத்து, வெர்னியரால் உறுதிசெய்யுங்கள்.

இப்போது கோணம். பிராக்கெட்டை மாட்டி, லிமிட்டர் உண்டென்றால் செருகி, குறுக்குப் போல்ட்டைக் கையால் ஏற்றி, குறித்துவைத்த கோணத்துக்குப் பிராக்கெட்டைத் திருப்பி நிறுத்துங்கள். இறுக்கும்போது நட்டோடு சேர்ந்து பிராக்கெட்டும் திரும்பப் பார்க்கும். ஒருவர் பிடித்திருக்க இன்னொருவர் இறுக்குவதே நல்லது. 110 நியூட்டன் மீட்டர். இறுக்கிய பிறகு கோணத்தை மறுபடி அளந்து, ஒரு டிகிரிக்கு மேல் நகர்ந்திருந்தால் இளக்கி மறுபடி செய்யுங்கள்.

ஆர்மை மேலே ஏற்றி, மூன்று போல்ட்டையும் விரலாலேயே பல சுற்று ஏற்றுங்கள். ரப்பர் இப்போது முறுக்கிக்கொண்டு பிராக்கெட்டை வேறு பக்கம் தள்ளும். புது ரப்பரின் பலம் அது. ஜாக்கியால் ஹப்பை உயர்த்தினால் துளைகள் நேருக்கு நேர் வரும். கீறிய கோட்டுக்குப் பிராக்கெட்டைச் சேர்த்து 77 நியூட்டன் மீட்டர். லாரி பழகிய கை ‘இன்னும் கொஞ்சம்’ என்று சொல்லும், கேட்காதீர்கள். ஷாக்கின் அடிப் போல்ட் 100 நியூட்டன் மீட்டர். அதன் கண்ணிலும் ரப்பர்தான் இருக்கிறது என்பதால், ஹப்பை ஜாக்கியால் ஓட்டும் உயரத்துக்கு ஏற்றிவைத்து இறுக்குங்கள். முன்பே எழுதிவைத்த மட்கார்டு அளவு இங்கே பயன்படும். சக்கரப் போல்ட் 120. பிரேக் குழாய்த் தாங்கி, வயர், சென்சார் எல்லாம் அதனதன் இடத்துக்கு. இறுக்கிய ஒவ்வொரு தலையிலும் பெயின்ட் கோடு போட்டால் பிறகு பார்த்தவுடன் நகர்வு தெரியும்.

அடியில் இருக்கும்போதே இன்னொன்றைப் பார்க்காமல் வெளியே வர வேண்டாம். இ46-ல் பின்பக்க சப்ஃபிரேம் (பின்பக்கக் கைகளையும் டிஃப்பரென்ஷியலையும் தாங்கும் சட்டம்) பாடியோடு சேரும் நான்கு இடங்களில் தகடு வெடிப்பது தெரிந்த நோய். அண்டர்கோட்டிங்கைத் துடைத்து, ஸ்பாட் வெல்ட் பிரிந்திருக்கிறதா, முடி போன்ற வெடிப்பு ஓடுகிறதா என்று டார்ச்சால் பாருங்கள். இருந்தால் புதுப் புஷ்ஷின் பலன் தெரியாது, முதலில் வெல்டிங்கும் வலுத்தகடும்தான். ட்ரெயிலிங் ஆர்மில் பதித்த பால் ஜாயின்ட், டிஃப்பரென்ஷியல் புஷ் இவற்றையும் அதே லீவரால் ஒரு நெம்பு நெம்பிப் பார்க்கலாம்.

கோடு பார்த்து மாட்டினாலும் அலைன்மென்ட் தவிர்க்க முடியாது. கோடு, வண்டியை அலைன்மென்ட் கடை வரை டயர் தேயாமல் கொண்டுபோகத்தான். நான்கு சக்கரத்துக்கும் சென்சார் மாட்டும் கடையாக இருக்க வேண்டும். சிறு ஊர்களில் பலர் முன்பக்கத்தை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சியில் கிடைக்கும், போனில் முன்பே கேட்டுவிட்டுப் போங்கள். பிஎம்டபிள்யூவின் அளவுகள் வெறும் வண்டிக்கானவை அல்ல. முன் இருக்கை இரண்டிலும் 68 கிலோ, பின் இருக்கையின் நடுவில் 68 கிலோ, டிக்கியில் 21 கிலோ, டேங்க் முழுக்கப் பெட்ரோல் என்ற சுமையோடு எடுக்க வேண்டியவை. 25 கிலோ அரிசிச் சிப்பம் எட்டும் ஒரு சின்ன மூட்டையும் இருந்தால் கணக்கு ஏறக்குறைய வந்துவிடும். கடையில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சுமை இல்லாமல் டோவைச் சரிசெய்தால் குடும்பத்தோடு வேளாங்கண்ணி போகும் நாளில் அது வேறு அளவாக இருக்கும்.

பின்பக்கத்தை முதலில் முடித்துவிட்டுத்தான் முன்பக்கத்துக்குப் போகச் சொல்லுங்கள். வண்டி எந்தத் திசையில் தள்ளப்படுகிறது என்பதைப் பின்சக்கரங்கள் தீர்மானிக்கின்றன. முன்பக்கத்தை அதற்கேற்பத்தான் வைக்க முடியும். கேம்பரை, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் அளவை, எக்சென்ட்ரிக் போல்ட்டில் முதலில் வைத்து, அதன் பின் பிராக்கெட்டை நகர்த்தி டோவை வைக்க வேண்டும். வரிசை மாறினால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும். டோ வைக்க மூன்று போல்ட்டை இளக்குவார்கள் அல்லவா, மறுபடி இறுக்குவதற்கு உங்கள் டார்க் ரெஞ்சை நீங்களே கொண்டுபோய் 77-ல் வைத்துக் கையில் கொடுத்துவிடுங்கள்.